மைட்டி மோ மேலெழும் நேரம்

அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் முதலில் வானத்தைத்தான் சொல்வார்கள். கருநீல விதானம், மினுங்கும் 96 படிக நட்சத்திரங்கள், மெல்ல நகரும் மேகம். பால்கனிக்கு மேலே வரிவரியாய் விரிந்திருக்கும் கூடாரத் துணிகூட உண்மையில் துணியல்ல. இரும்புக் கம்பியும் சாந்தும். பின்வரிசைக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் வேலையையும் அது பார்க்கிறது. ரசிக்க வேண்டியதுதான். ஆனால் என் கண் அந்த வானத்தில் நெடுநேரம் தங்கியதில்லை. பள்ளத்திலிருந்து மேலெழும்பும் ஆர்கன் மேடையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

3,622 குழாய்கள், நான்கு விசைவரிசைகள். ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் மைட்டி மோ. திரையரங்கு ஆர்கன் என்றால் வுர்லிட்சர் கம்பெனியுடையதுதான் என்னும் பக்தர்கள் இதன் பெருமையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இதைக் கட்டிய மோலர், சர்ச்சுக்கு ஆர்கன் செய்த கம்பெனி, அதன் நாதத்தில் தேவாலயக் கனம் போகாது என்பார்கள். நியூயார்க் ரேடியோ சிட்டியில் இருக்கும் வுர்லிட்சர் இதைவிடப் பெரியது, துள்ளல் அதிகம். மறுக்கவில்லை. எனக்கு அந்தக் கனம்தான் வேண்டியிருக்கிறது. பெரிய குழாய் பேசும்போது அது காதுக்கு முன்னால் நெஞ்சில் இறங்கும். கோயில் பிராகாரத்தில் தவிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு அந்த அதிர்வு தெரியும்.

இந்த ஆர்கன் பிறந்ததே அகாலத்தில்தான். ஷ்ரைனர் சங்கத்தார் தமக்கென்று எழுப்பத் தொடங்கிய கட்டடம், பணம் போதாமல் திரைப்பட முதலாளி வில்லியம் ஃபாக்ஸ் கைக்குக் குத்தகையாகப் போய், 1929 கிறிஸ்துமஸ் அன்று திரையரங்காகத் திறந்தது. மௌனப்படத்துக்கு ஆர்கன் வாசித்த நாள் போய், பேசும்படம் வந்துவிட்ட காலம். பங்குச்சந்தை சரிந்து இரண்டு மாதம். தியேட்டர் கைமாறியது, மீண்டது, நல்ல காலமும் கண்டது. கறுப்பின மக்களைத் தனிவழியாக மேல்காலரிக்கு ஏற்றியனுப்பிய வெட்கக்கேடும் அதே கட்டடத்தில், 1960-களின் தொடக்கம் வரை நடந்தது. அழகைப் பாடும்போது அதை மறைத்துவிடக் கூடாது. ஆர்கன் இதற்கிடையில் பழுதாகி ஊமையாகிக் கிடந்தது.

அதற்குக் குரல் கொடுத்தவர் ஜோ பேட்டன். எக்ஸ்-ரே கருவிகளோடு பழகிய தொழில்நுட்பக்காரர். சக ஆர்வலர்களைச் சேர்த்துக்கொண்டு, கூலி வாங்காமல் பழுதுபார்த்து 1963-இல் அதை மறுபடி பேச வைத்தார். குழாய் குழாயாக, தோல் தோலாகப் பார்க்கிற வேலை அது. காற்று கசியும் ஒரு தோல்பை போதும், ஒரு சுரம் செத்துவிடும். ஃபாக்ஸின் புதுப்பிப்பு அங்கேதான் தொடங்கியது என்பேன், வண்ணம் பூசியவர்கள் வருவதற்கு வெகு முன்னால்.

1970-களின் நடுவில், சதர்ன் பெல் தொலைபேசி நிறுவனம் தன் தலைமையகத்துக்காக அந்த மனையைக் கேட்டபோது, இடிப்பதா வேண்டாமா என்று ஊரே இரண்டுபட்டது. 1975-இல் அட்லாண்டா லேண்ட்மார்க்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு கட்டடத்தை வாங்கியது. பேட்டனும் அதில் முன்னின்றார். நிறுவனம் பக்கத்து மனையில் கோபுரம் கட்டிக்கொண்டது. 1976-இல் லினர்ட் ஸ்கினர்ட் ராக் இசைக்குழு இங்கே கச்சேரி செய்து பதிவாக்கியது. கட்டடம் வாங்கப் பட்ட கடன் 1978-இல் அடைந்தது. அதே ஆண்டில்தான் 'கான் வித் த விண்ட்' முதன்முதலில் திரையிடப்பட்ட லோஸ் கிராண்ட், அதே தெருவில், தீயில் சிதைந்து பிறகு இடிக்கப்பட்டது. புகழ் அந்தத் தியேட்டருக்கு இருந்தது, பேட்டன் இல்லை.

பின்னாளில் அவருக்குத் தியேட்டருக்குள்ளேயே வீடு கொடுத்தார்கள். 1996-இல் தீப்பிடித்தபோது அதிகாலையில் முதலில் கண்டு சொன்னவர் அவர்தான். சும்மாவா 'ஃபாக்ஸின் ஆவி' என்று அழைத்தார்கள்! 2016-இல் மறைந்தார்.

இன்று பல ஊர்களில் புதுப்பிப்பு என்றால் தங்கப்பூச்சு, மெத்தை இருக்கை, திறப்புவிழாப் பலகை, அவ்வளவுதான். கருவியை யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்வியே எழுவதில்லை. ஃபாக்ஸில் சாந்தையும் வண்ணத்தையும் கவனிக்க நிரந்தரமாக ஆட்கள் இருக்கிறார்கள். அதற்காகவே அந்த நிர்வாகத்தை மெச்சுகிறேன். என் ஆதங்கம் ஒன்றுதான். நாட்காட்டியை பிராட்வே நாடகங்களும் கச்சேரிகளும் நிரப்பிவிட்டன. கோடைத் திரைப்பட நாட்களில், படத்துக்கு முன்னால் ஆர்கன் வாசிக்க, கூட்டம் சேர்ந்து பாடுகிற வழக்கம் உண்டே, அந்த நாட்களை இன்னும் கூட்ட வேண்டும். படம் தொடங்குவதற்கு முந்தைய அந்தக் கால்மணி நேரம்தான் மைட்டி மோவுக்கு உரியது.