ஒற்றை ஐ.பி.யில் ஓர் அரிசி ஆலை

தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் ஒரு நவீன அரிசி ஆலை. எடைமேடை வாசலில், பாய்லர் பின்கோடியில், கலர் சார்ட்டர் நடுக்கொட்டகையில், குடோன்கள் அதற்கும் அப்பால். காப்பர் கேபிள் 100 மீட்டருக்கு மேல் தாங்காது என்பதால் இடத்துக்கு இடம் ஒரு ஸ்விட்ச். எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் பழசாக வாங்கிய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2950. வேகத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எடைச்சீட்டுக்கும் கேமராவுக்கும் போதும். குறுவை அறுவடையிலிருந்து இவற்றோடுதான் குடித்தனம்.

வாங்கியதன் காரணம் ஒன்றுதான்: எல்லா ஸ்விட்சுகளையும் ஒரே ஸ்விட்சிலிருந்து மேய்க்கலாம். ஆபீஸில் இருப்பது கமாண்டர், மற்றவை மெம்பர்கள். ஐ.பி. முகவரி கமாண்டருக்கு மட்டும் போதும். சி.டி.பி. வழியாக அக்கம்பக்கத்து ஸ்விட்சுகளை அதுவே கண்டுபிடித்துக் காட்டும். தன்னையும் சேர்த்து 16 வரை கட்டி மேய்க்கும். ‘ஆர்கமாண்ட் 3’ என்று தட்டினால் பாய்லர் ஸ்விட்ச் கைக்கு வந்துவிடுகிறது, தனியாகப் பாஸ்வேர்டும் கேட்பதில்லை. உமிச்சாம்பலுக்கு நடுவே லேப்டாப்பையும் கன்சோல் கேபிளையும் தூக்கிக்கொண்டு போனவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். காற்றுத் துளைகளில் அப்பிக்கிடக்கும் தவிட்டைத் துடைக்க மட்டும் இன்னும் நேரில்தான் போக வேண்டும்.

எரிச்சல் அந்த 3-ல்தான். பெயரைத் தட்டினால் ஏற்காது, எண்தான் வேண்டும். பாய்லர் 3-ஆ, 5-ஆ என்று யாருக்கு நினைவிருக்கும்? பெயர் வைக்காத ஸ்விட்சைச் சேர்த்தாலோ, கமாண்டர் தன் பெயரோடு எண்ணை ஒட்டி அதற்குச் சூட்டிவிடும். எல்லாம் ஒரே சாயல். எடைமேடை போர்ட்டை மூடுவதாக நினைத்து சார்ட்டர் போர்ட்டை மூட ஒரு நொடி போதும். ஆகவே சேர்க்கும் முன்பே ஒவ்வொன்றுக்கும் இடத்தின் பெயரை வைத்துவிடுங்கள். எண் பட்டியலை ரேக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பல வருட நெட்வொர்க் அனுபவம் கடைசியில் செலோடேப்பில் வந்து நிற்கிறது.

கமாண்டர் செத்தால் ஆலையே நின்றுவிடுமா என்று முதலாளி முதல் எலக்ட்ரீஷியன் வரை கேட்கிறார்கள். நிற்காது. மதகு லஸ்கர் காய்ச்சலில் படுத்தாலும் வாய்க்காலில் போகிற தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும், ஷட்டரை ஏற்றி இறக்கத்தான் ஆள் இருக்காது. ஆனால் ஒன்று: கமாண்டரையே நடுவழியில் மாட்டி, எல்லாக் கேபிளையும் அதன் வழியாக இழுத்திருந்தால் அதோடு சேர்ந்து வழியும் அடைபடும். மெம்பர்களுக்கு ஐ.பி. கொடுக்காதவர்களுக்கு மறுபடி கன்சோல் கேபிள்தான் கதி. ஹெச்.எஸ்.ஆர்.பி. மூலம் இன்னொரு 2950-ஐ மாற்றுக் கமாண்டராக நிறுத்தலாம். ஐப்பசி இடியைப் பார்த்தவர்கள் அதைச் செய்யாமல் விடுவது அசட்டுத் துணிச்சல்.

பிரவுசரில் படம் படமாகக் காட்டும் சி.எம்.எஸ். என்ற வசதியும் உண்டு. அதற்கு ஜாவா பிளக்-இன் வேண்டும். குரோம் அந்த வகைப் பிளக்-இன்களை 2015-லேயே கைகழுவிவிட்டது. கறுப்புத் திரைதான் மிச்சம். அதைத் திறக்கும் டெல்நெட்டில் பாஸ்வேர்ட் அப்படியே அம்மணமாகப் போகும் என்பதால் ஆலைக்கு வெளியிலிருந்து நுழைய விடாதீர்கள்.

இன்று புதிதாக வாங்குபவர்கள் கிளவுட் டாஷ்போர்டுதான் கேட்கிறார்கள். கஜா புயல் 2018 நவம்பரில் டெல்டாவின் மின்கம்பங்களை வரிசையாகச் சாய்த்ததைப் பார்த்த எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இணையம் அறுந்தால் பத்தடி தூரத்து ஸ்விட்சைக்கூட அந்த டாஷ்போர்டிலிருந்து தொட முடியாது. இங்கே ஜெனரேட்டர் ஓடினால் போதும். விற்பனை நின்று வெகுகாலமான சரக்கு இது. ரிச்சி தெருவுக்குப் போனால் கூடுதலாக ஒன்றை வாங்கி வையுங்கள்.