கால் அங்குலமா, அரை அங்குலமா? பெட்ரோல் குழாயின் பாணிகள்

பழைய காரைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் பெயின்ட் நிறத்துக்கு ஆறு மாதம் யோசிப்பார்கள். சீட் துணிக்கு ஊர் ஊராக அலைவார்கள். டேங்கிலிருந்து என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குழாய் என்று வந்தால் மட்டும், கடையில் இருக்கிற அளவே போதும் என்றாகிவிடும். அல்லது, "எதற்கும் ஒரு சைஸ் பெரிதாகவே போட்டுவிடலாம்" என்பார்கள். இரண்டாவது யோசனைதான் அதிகக் கெடுதல் செய்வது. டேங்க் எங்கே, பம்ப் எங்கே, சூடு எங்கே என்று பார்த்துத்தான் அந்தக் காலத்துத் தொழிற்சாலைகள் குழாய் அளவை முடிவு செய்தன. ஆளுக்கொரு பாணி உருவானதும் அதனால்தான்.

மூத்தது புவியீர்ப்புப் பாணி. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி-யில் பம்ப் கிடையாது. பெரும்பாலான ஆண்டுகளில் டேங்க் முன் சீட்டுக்கு அடியில். அங்கிருந்து கால் அங்குலக் குழாயில் பெட்ரோல் தானாக இறங்கும். ஓர் அடி உயரத்துக்குப் பெட்ரோல் தரும் அழுத்தம் 0.3 பி.எஸ்.ஐ. சொச்சம்தான். 20 குதிரைத்திறன் என்ஜினுக்கு அது போதும், சமதரையில். டேங்கில் பெட்ரோல் அடிமட்டத்தில் இருக்கும்போது செங்குத்தான ஏற்றம் வந்தால் கார்புரேட்டர் பெட்ரோல் மட்டத்துக்கு மேலே போய்விடும். வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் மேடேறுவார்கள். தள்ளிவிட ஆளில்லாத இந்தப் பாணியில் பருமனைவிடச் சரிவு முக்கியம். குழாய் நடுவில் மேடாக வளைந்தால் காற்றுக்குமிழி அங்கே குடியேறிவிடும்.

அமெரிக்காவில் ஸ்டூவர்ட்-வார்னர், பிரிட்டனில் ஆட்டோவாக் என்று ஒரு வெற்றிடத் தொட்டிப் பாணியும் இருந்தது. என்ஜினின் உறிஞ்சலாலேயே பின் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து, முன்னால் ஒரு சிறு தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து இறக்குவது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து நீண்ட ஏற்றம் ஏறினால் உறிஞ்சல் செத்துவிடும், தொட்டியும் காலியாகிவிடும். நல்ல யோசனை, அற்ப ஆயுள்.

பிரிட்டிஷ் பாணிக்கு அடையாளம் எஸ்.யு. மின் பம்ப். சாவியைத் திருப்பியதும் டிக் டிக்கென்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். அழுத்தம் மிகக் குறைவு, எஸ்.யு. கார்புரேட்டரின் ஊசி வால்வு 3 பி.எஸ்.ஐ. தாண்டினால் தடுமாறி வழியவிடும். குழாய் கால் அங்குலம் அல்லது 5/16, பழைய வண்டிகளில் செம்பு. செம்பு அதிர்ந்து அதிர்ந்து இறுகி, ஒரு நாள் நிப்பிள் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். பழைய வண்டிகளில் என்ஜின் பக்கம் குழாயை இரண்டு சுற்றுச் சுருளாக வளைத்திருப்பதை அழகுக்கென்று நினைத்து நேராக்கிவிடுகிறார்கள். அதிர்வை வாங்கிக்கொள்ளத்தான் அந்தச் சுருள்.

நம் அம்பாசிடர் இந்தக் குடும்பத்துப் பிள்ளை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்தது. அதன் 1489 சி.சி. என்ஜினுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுமார் 50 குதிரைத்திறன். முழு வேகத்தில் மணிக்குப் பதினைந்து, பதினாறு லிட்டர் குடிக்கும். கால் அங்குலக் குழாயிலேயே பெட்ரோல் நொடிக்கு ஒரு சாண்தான் நகர வேண்டியிருக்கிறது. அதே என்ஜினுக்கு அரை அங்குலக் குழாய் போட்டால், சூடான பானெட்டுக்குள் ஒரு மீட்டர் கடக்கவே இருபது நொடிக்கு மேல் ஆகும். டிராஃபிக்கில் ஐடிலிங்கில் நின்றால் நிமிடக்கணக்கு. பெட்ரோலின் இலேசான கூறுகள் 40 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் காற்றே அந்தச் சூட்டில் இருக்கிறது.

டேங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட உறிஞ்சு பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். என்ஜினில் பூட்டிய மெக்கானிக்கல் பம்ப், நம் ஒர்க்‌ஷாப்களில் ஏ.சி. பம்ப், பின் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. ஆவி இன்னும் சீக்கிரம் கிளம்புகிறது. பம்ப் ஆவியை மென்றுகொண்டிருக்கும், பெட்ரோல் ஏறாது. மலைப்பாதை ஓரத்தில் பானெட்டைத் திறந்து பம்ப் மேல் ஈரத்துணி போட்டு நின்ற டாக்ஸிக்காரர்கள் செய்தது சரியான வைத்தியம். அமெரிக்காவில் இதே நோய்க்குக் குழாய் நெடுகத் துணி மாட்டும் மரக் கிளிப்புகளைச் செருகினார்கள். அதனால் ஆறுதலைத் தவிர வேறென்ன கிடைத்தது என்று தெரியவில்லை.

1932-இல் வந்த ஃபோர்டு பிளாட்ஹெட் வி-8 இந்த நோய்க்குப் பேர்போனது: பம்ப் என்ஜின் தலைமேல், பின்பக்கம், சூட்டின் நடுவே. பிறகு வந்த பெரிய வி-8களில் சாதாரண ரகத்துக்கு 5/16, வேக ரகத்துக்கு 3/8 என்று டெட்ராய்ட் ஒரு வழக்கத்துக்கு வந்தது. 300 குதிரைத்திறனுக்கும் 3/8 குழாயில் பெட்ரோலின் வேகம் நொடிக்கு ஒரு முழத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பந்தயக்காரர்கள் அரை அங்குலத்துக்குப் போனதற்கு, வண்டி பாயும்போது பெட்ரோல் பின்னுக்குத் தள்ளப்படுவதும் ஒரு காரணம் என்பார்கள். 1 ஜி முடுக்கத்தில் மூன்று மீட்டர் குழாயில் அந்த எதிரழுத்தம் 3 பி.எஸ்.ஐ. வரை வரும், உண்மைதான். ஆனால் குழாய் எவ்வளவு தடித்தாலும் அது குறையாது. அதை வெல்ல வேண்டியது பம்ப்.

அளவுகளில் ஒரு சிக்கல் உண்டு. உலோகக் குழாயை வெளிவிட்டத்தாலும் ரப்பர் ஹோஸை உள்விட்டத்தாலும் சொல்கிறார்கள். 5/16 உலோகக் குழாயின் உள்ளே கிடைப்பது கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்தான். ராணுவ விமானங்களிலிருந்து வந்த ஏ.என். முறையில் எண் என்பது பதினாறில் எத்தனை பங்கு என்பது: 6 என்றால் 3/8, 8 என்றால் அரை அங்குலம். அதன் விளிம்பு 37 டிகிரி, கார்களுக்கான எஸ்.ஏ.இ. விளிம்பு 45. இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கினால் முதலில் பிடித்ததுபோல் இருக்கும், பிறகு கசியும். இன்னொன்று: விட்டம் பாதியானால் தடை குறைந்தது 16 மடங்கு. புதிதாக 3/8 இழுத்துவிட்டு, டேங்குக்குள் துருவடைத்த பழைய உறிஞ்சு குழாயை அப்படியே விட்டால் செலவு மட்டுமே மிச்சம்.

ஹோஸைப் பொறுத்தவரை இன்று விட்டத்தைவிட ரகம்தான் பெரிய கேள்வி. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நம் பங்க்குகளுக்கு வந்துவிட்டது. பழைய ரப்பர் அதில் உப்பி, உள்ளே உரிந்து, துளையை அடைக்கிறது. கார்புரேட்டர் வண்டிக்கு எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 போதும் என்ற காலம் போய், ஃபுளோரோ ரப்பர் உள்பூச்சுள்ள ஆர்9 தேடி வாங்குவது நல்லது. பழைமையைக் காக்க வலியுறுத்தும் ஃபிவா அமைப்பின் டுரின் சாசனத்தை மதிப்பவர்கள்கூட இதில் தயங்க வேண்டாம்: உலோகக் குழாயை அசல் அளவில், அசல் வழியில் விட்டுவிட்டு, ரப்பர் துண்டுகளை மட்டும் மாற்றினால் காட்சிக்கும் பங்கமில்லை.

மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் சைஸ் மாற்றத் துடிக்கிறவர்கள் அதற்கு முன் ஒன்று செய்யலாம். என்ஜின் ஆறியிருக்கும்போது காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் பக்கம் குழாயை அவிழ்த்து ஒரு பாட்டிலில் விட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். பழைய அமெரிக்க மேனுவல்கள் கேட்பது முக்கால் நிமிடத்துக்குள் சுமார் 470 மில்லி. அவ்வளவு வந்தால் ஐம்பது, நூறு குதிரைத்திறன் வண்டிக்குத் தாராளம். வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியவை ஃபில்டரும் டேங்க் மூடியின் காற்றுத்துளையும்.