தூத்துக்குடி மாடியில் சோலார்: யாருக்குக் கட்டுப்படியாகும்?

தூத்துக்குடியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. உப்பளத்தை நம்பி இத்தனை குடும்பங்கள் பிழைப்பதே அந்த வெயிலால்தான். சோலார் விற்க வருகிறவர்களும் வெயிலில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஆனால் வீட்டு மாடியில் போடுகிற பேனல் கட்டுப்படியாகுமா என்று தெரிய ஈ.பி. அட்டையைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 720 யூனிட். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். மானியம் போக 3 கிலோவாட்டுக்கு நம் கையிலிருந்து 1.2 லட்சம் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும் ஏ.சி. வீட்டுக்கு 2024 ஜூலைக் கட்டணப்படி பில் 4,800 ரூபாயை ஒட்டி வரும். பேனல் போட்டால் மிச்சம் நிற்கும் 80 யூனிட் இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். மின்வாரியம் பிடிக்கும் சில்லறைக் கட்டணங்கள் போனாலும் நாலைந்து வருடத்தில் போட்ட பணம் திரும்பும். அதே பேனலை 300 யூனிட் வீட்டில் போடுங்கள். அந்த வீட்டு பில்லே 700 ரூபாய் அளவுதான், வருடத்துக்கு 4,200. முதலை எடுக்கவே 28 வருடம் ஆகும். பேனலுக்குக் கம்பெனி தரும் உத்தரவாதமே பொதுவாக 25 வருடம்! ஒரு கிலோவாட்டோடு நிறுத்திக்கொண்டாலும் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். இரண்டு வீட்டு மாடியிலும் ஒரே வெயில்தான். வித்தியாசம் முழுக்க, யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் ஸ்லாபில் இருக்கிறது.

திட்டத்தின் பெரிய கோளாறு இங்கேதான். தமிழக அரசு 2016 முதல் எல்லா வீட்டுக்கும் 100 யூனிட் இலவசமாகத் தருகிறது. அது சரியான உதவி என்றே நினைக்கிறேன். ஆனால் குறைவாக எரிக்கும் திரேஸ்புரத்து மீனவர் வீட்டுக்கு, அதற்குப் பிறகு சோலார் போட எந்த அவசியமும் இல்லை. வாடகை வீட்டுக்காரருக்கு மாடியே சொந்தமில்லை. ஆக மானியத்தின் முழுப் பலன் சொந்த மாடியும் இரண்டு ஏ.சி.யும் உள்ளவர்களுக்கே போய்ச் சேர்கிறது.

இன்னொன்றை விற்பவர்கள் சொல்வதில்லை. 2023 டிசம்பர் 17, 18இல் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. மாவட்டத்தின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு மட்டும் இணைத்த சோலார் அந்த மாதிரி நாட்களில் உதவாது. லைனில் கரண்ட் இல்லையென்றால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. வெள்ளம் வடிந்து வெயில் அடித்தாலும் பேனல் சும்மா கிடக்கும். பேட்டரியோடு போட்டால் மேலே சொன்ன கணக்கு அத்தனையும் மாறிவிடும்.

கடற்கரை ஊருக்கென்று சில செலவுகள் தனி. உப்புக்காற்றில் சாதாரண நட்டும் போல்ட்டும் சீக்கிரமே துரு பிடிக்கும். துத்தநாகப் பூச்சுள்ள கம்பியும் எவர்சில்வர் போல்ட்டும் கேட்டு வாங்க வேண்டும். நிலக்கரித் தூசு படியும் பகுதிகளில் அடிக்கடி கழுவ வேண்டும். போர்த் தண்ணீரில் கழுவினால் காய்ந்தபின் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு நிற்கும். துணி காயப்போட இடம் வேண்டுமென்று பேனலை உயர்த்திக் கட்டுகிறவர்கள் ஆடிக்காற்றையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

லாபக் கணக்கு முழுக்க நெட் மீட்டரை நம்பி நிற்கிறது. பகலில் லைனுக்குத் தந்த யூனிட்டை இரவு ஏ.சி.க்குக் கழித்துக்கொள்ளும் வசதி அது. 2019இல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதை எடுத்தது. 2021இல் வீடுகளுக்குத் திரும்பத் தந்தது. நாளை என்ன செய்யும் என்று எந்த விற்பனையாளரும் எழுதித் தர மாட்டார்.

இந்த ஊர்க் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961இல். அப்போது சிப்பிகளைத் திறக்காமலே குவியலாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து உண்டா என்பது எடுத்தவர் பாடு. சோலாரில் அந்தச் சூதாட்டம் தேவையில்லை. கடந்த ஒரு வருடத்து ஆறு பில்களையும் எடுத்து வையுங்கள். பெரும்பாலானவை 500 யூனிட்டைத் தாண்டியிருந்து மாடியும் உங்களுடையதாக இருந்தால், தாராளமாகப் போடலாம். 300ஐத் தாண்டாதவர்கள் அந்தப் பணத்தை வங்கியிலேயே வைத்திருக்கலாம்.