உப்பும் சமாதானமும்: அபிகாயில் வரலாற்றை நாம் பிரசங்கிக்கும் முறை பற்றி ஒரு திறனாய்வு

1 சாமுவேல் 25-ஆம் அதிகாரத்தின்மீது நம் திருச்சபைகளில் செய்யப்படும் பிரசங்கங்கள் பெரும்பாலும் ஒரே போக்கில் அமைகின்றன. தாவீது கோபங்கொண்டான், அபிகாயில் பணிந்து பேசினாள், கோபம் தணிந்தது, ஆகவே நாமும் மென்மையாய்ப் பேசவேண்டும் என்று முடிப்பர். நீதிமொழிகள் 15:1 துணைக்கு வரும். இவ்விளக்கம் முற்றிலும் பிழையென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அது குறையுள்ளது என்றும், சில இடங்களில் தீங்கும் விளைவிக்கக்கூடும் என்றும் கருதுகிறோம்.

அத்தகைய இடங்களுள் ஒன்று கீழ்புத்துப்பட்டிலிருந்து மரக்காணம் வரையுள்ள கடற்கரை. கீழ்புத்துப்பட்டில் ஐயனார் கோயிலும் உண்டு. இலங்கைத் தமிழர் முகாமும் உண்டு. ஓர் இனத்தார்மீது மூண்ட கோபத்தைத் தடுப்பார் இல்லாதபோது என்ன நேரும் என்பதை அம்முகாமில் வாழ்வோர்க்கு நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. வடக்கே மரக்காணம். 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்தில் நடந்த வன்னியர் இளைஞர் பெருவிழாவுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்றவர்களுக்கும், மரக்காணத்துத் தலித் மக்களுக்கும் இடையே மோதல் மூண்டது. குடிசைகள் எரிந்தன, வாகனங்கள் எரிந்தன, உயிரிழப்பும் நேர்ந்தது. இச்சாலையோரத்தில் நின்று அபிகாயிலைப் பிரசங்கிப்பவர் வேத பகுதியை மீண்டும் ஒருமுறை கவனமாய் வாசிக்கக் கடமைப்பட்டவர்.

அவ்வாறு வாசிக்கும்போது நான்கு காரியங்கள் புலப்படுகின்றன. முதலாவது, சமாதானத்தின் தொடக்கம் அபிகாயிலின் பேச்சில் அன்று, ஒரு வேலைக்காரனின் சாட்சியில் இருக்கிறது (வச. 14-17). தாவீதின் மனிதர் தங்களுக்கு மதிலாயிருந்தார்கள் என்றும், தன் எஜமானோ எவரும் பேசக்கூடாதவன் என்றும் அவன் சொல்லுகிறான். அவள் அதை மறுக்காமல் கேட்கிறாள். தாழ்ந்த நிலையில் உள்ளவன் சொல்லும் உண்மைக்குச் செவிகொடாதவன் சமாதானம் செய்யமுடியாது.

இரண்டாவது, அவள் வெறுங்கையாய்ப் போகவில்லை. 200 அப்பங்கள், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடுகள், வறுத்த தானியம், வற்றலான திராட்சக்குலைகள் 100, அத்திப்பழ அடைகள் 200 ஆகியவற்றைக் கழுதைகள்மேல் ஏற்றி முன்னே அனுப்பிவிட்டுப் பின்னே செல்லுகிறாள் (வச. 18-19). மறுக்கப்பட்டது முதலில் போய்ச் சேருகிறது. மென்மொழி அதற்குப் பிறகே வருகிறது. நம் பிரசங்கங்களோ கழுதைகளை மறந்துவிட்டு மென்மொழியை மட்டும் பிடித்துக்கொள்கின்றன.

மூன்றாவது, தாவீதின் மனக்குறையையும் அவனது பழியையும் அவள் வேறு பிரிக்கிறாள். கணவன் செய்தது புத்தியீனம் என்று ஒளிவின்றி ஒப்புக்கொள்ளுகிறாள். ஆனால் அதற்காக 400 பேரோடு வந்து ஒரு வீட்டின் ஆண்மக்கள் அனைவரையும் வெட்டுவது நீதியாகாது, அது பிற்காலத்தில் அவன் மனதையே உறுத்தும் இரத்தப்பழி என்று எச்சரிக்கிறாள் (வச. 31). கோபத்தின் காரணம் மெய்யாயிருக்கலாம். அதனால் கோபத்தின் செயல் நியாயமாகிவிடாது. நான்காவது, வெறித்திருந்த நாபாலிடம் அன்றிரவு ஒன்றும் சொல்லாமல், பொழுதுவிடிந்து தெளிந்தபின் சொல்லுகிறாள் (வச. 36-37). காலம் அறிதலும் ஞானமே.

இவ்வரலாற்றின் இறுதி நமக்கு இடறலாயிருப்பதை மறைக்கலாகாது. நாபால் சாகிறான், தாவீது அவன் மனைவியை மணக்கிறான். கேளாமலே காவல் காத்துப் பின் பங்கு கேட்ட தாவீதின் செயலையும் ஐயத்தோடு நோக்கும் ஆய்வாளர் உண்டு. கதையைச் சொன்னவர் தாவீதின் பக்கம் சாய்ந்தே சொல்லியிருக்கலாம். ஆயினும் அவரே, வருங்கால அரசன் கொலைபாதகத்தின் விளிம்பில் நின்றான் என்றும், ஒரு பெண்ணின் சொல் அவனைத் தடுத்தது என்றும் மறைக்காமல் எழுதிவைத்தார். தாவீதும் அவள் யோசனையை வாழ்த்தித் திரும்பிப் போனான். நீதியான பக்கத்தில் இருப்பதாக எண்ணுவோர்க்கும் தடுப்பார் தேவை என்பதே இதன் வலிமை.

இனி நம் பிரசங்கத்துக்கு வருவோம். வீடெரிந்தவனிடம் 'மெதுவாய்ப் பேசு' என்று மட்டும் சொல்வது, நாபாலின் பந்தியில் அமர்ந்துகொண்டு தாவீதுக்குப் புத்தி சொல்வதாகும். அதற்கு மாறாக, வீடெரிந்த கோபத்துக்குப் பழிவாங்கும் உரிமை உண்டென்று ஊக்குவிப்பது, அந்த 400 பேரோடு பட்டயம் கட்டுவதாகும். இரண்டும் அபிகாயிலின் வழியல்ல. சாதிவாரியாய்க் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்துவைத்திருக்கும் சபைகள் இன்னும் நம்மிடையே உள்ளன. அவற்றின் குருமார் ஊராருக்குச் சமாதானம் கூறுமுன், தங்கள் வீட்டு நாபாலோடு பேசவேண்டியவர்களாயிருக்கிறார்கள்.

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், யார் பெரியவன் என்று வழியிலே தர்க்கித்த சீஷர்களோடு தொடங்கிய உரையாடலை, உங்களுக்குள் உப்புடையவர்களாயிருந்து ஒருவரோடொருவர் சமாதானமாயிருங்கள் என்னும் கருத்தோடு நம் ஆண்டவர் முடிக்கிறார். மரக்காணத்து உப்பளங்களில் பாத்திகளில் நிறுத்திய உவர்நீர் வெயிலில் வற்றி உப்பாகிறது; அதில் இறங்கி வாருவோரின் கால்கள் வெடிக்கின்றன. உப்பு இனிப்பன்று, புண்ணில் பட்டால் எரியும், ஆனால் அழுகலைத் தடுக்கும். சமாதானத்தையும் உப்பையும் ஆண்டவர் ஒரே வாக்கில் இணைத்திருக்க, நாம் ஏன் சமாதானத்தைச் சர்க்கரையாக்கிப் பிரசங்கிக்கிறோம்? அடுத்த முறை இவ்வதிகாரத்தை எடுக்கும் ஆயர், பீடத்தில் ஏறுமுன் தம்மைத் தாமே கேட்கட்டும்: நம் சொல்லுக்கு முன்னே கழுதைகள் போயினவா?