ஒரே எழுத்துக்கு இரண்டு குறியீடுகள்

'கஃபே' என்ற பிரெஞ்சுச் சொல்லின் கடைசி எழுத்துக்கு மேல் ஒரு சாய்கோடு உண்டு. யூனிகோடில் அந்த எழுத்தை 233 என்ற ஒற்றை எண்ணாகப் பதியலாம். வெறும் எழுத்துக்குரிய 101-ஐ இட்டு, சாய்கோட்டுக்குரிய 769-ஐ அதன்பின் சேர்த்தும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்; கணினிக்கு அவை வெவ்வேறு எண்வரிசைகள். தமிழுக்கும் இது புதிதல்ல. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுத யூனிகோடு இடம் தருகிறது.

இந்த இரட்டை வழிக்குப் பழைய நெருக்கடியே காரணம். 1963-இல் வந்த ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டுத் தரத்தில் 128 இடங்களே இருந்தன. குறியேந்திய எழுத்து ஒன்றுக்கும் அதில் தனி இடம் இல்லை. ஐரோப்பிய நாடுகள் அடைப்புக்குறிகளின் இடங்களைப் பறித்துத் தம் எழுத்துகளுக்குக் கொடுத்தன. 256 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஓ 8859-1 என்ற பிந்தைய தரம் மேற்கு ஐரோப்பாவின் தேவையைப் பெரும்பாலும் தீர்த்தாலும், பிரெஞ்சின் ஒட்டெழுத்து ஒன்றை விட்டுவிட்டது. வியட்நாமிய மொழிக்குக் கூடுதலாக 134 எழுத்துகள் வேண்டும். 256 இடங்களில் ஆஸ்கிக்கு மேலே எஞ்சிய 128 இடங்களும் அதற்குப் போதவில்லை.

1991-இல் வெளிவந்த யூனிகோடு, பழைய தரங்களில் இருந்த எழுத்துகளுக்கு ஒற்றை எண் கொடுத்தது. பழைய ஆவணத்தைப் புதிய முறைக்கு மாற்றி, இழப்பின்றித் திரும்பவும் மாற்றலாம். இந்த விட்டுக்கொடுப்பு இல்லாமல் நிறுவனங்கள் இவ்வளவு எளிதாக மாறியிருக்க மாட்டா. எந்த எழுத்தின்மேலும் எந்தக் குறியையும் ஏற்றும் சேர்ப்பு முறையோ எல்லையற்றது. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சீராக்க விதிகளையும் யூனிகோடு வகுத்துள்ளது.

ஆனால் விதியை மென்பொருள் கடைப்பிடித்தால்தான் பயன். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. லினக்ஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே கோப்புகள் போய்வந்தபோது ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தோன்றின. தேடியது கிடைக்காமல் போனது. பயனரால் கண்ணால் பார்த்து அறிய முடியாத பிழை இது. அதைத் தீர்க்கும் பொறுப்பு முழுக்க நிரலாளருடையது.

இதைவிடக் கனமான குறை, இடப்பங்கீட்டில் உள்ள ஏற்றத்தாழ்வு. தமிழின் ழ, ன, ற ஆகியவற்றை ரோமன் எழுத்தில் எழுத அறிஞர்கள் பயன்படுத்தும் அடிக்கோட்டு எழுத்துகளுக்கு ஒற்றை எண் உண்டு. கோடிக்கணக்கானோர் பேசும் நைஜீரியாவின் யொரூபாவிலோ, கீழே புள்ளியும் மேலே தொனிக்குறியும் சேர்ந்த உயிரெழுத்துகளுக்கு அது இல்லை. இனிப் புதிதாகத் தரவும் வழியில்லை. சீராக்கிச் சேமித்த பழைய உரைகள் குலையும் என்பதால் அந்தக் கதவு அடைக்கப்பட்டுவிட்டது. தொழில்நுட்ப அளவில் அது சரியான முடிவே. விளைவைச் சுமப்பவர்கள் யொரூபா எழுதுவோர்: தரமற்ற எழுத்துருவில் தொனிக்குறி இடம் தவறி நிற்கிறது, எழுத்தெண்ணிக்கை தவறாகக் கூடுகிறது. ஓர் எண் என்றால் ஓர் எழுத்து என்று கருதி எழுதப்படும் நிரல்களே இங்கு முதல் குற்றவாளி.

தட்டச்சு முறைகள் இன்னும் பின்தங்கியுள்ளன. பழைய தட்டச்சுப்பொறியில் குறிக்குரிய விசையை அழுத்தினால் தாள் நகராது. அடுத்து எழுத்தை அழுத்தினால் அது குறியின் கீழ் விழும். அதே வரிசையைக் கணினி விசைப்பலகைகளும் தொடர்ந்தன. பழகியவருக்கு வேகமானது, புதியவருக்கோ முதல் விசைக்குப் பின் திரையில் எதுவும் தோன்றாதது குழப்பம். பிரெஞ்சு விசைப்பலகையில் 'கஃபே'யின் கடைசி எழுத்துக்குத் தனி விசை உண்டு; அதன் பெரிய எழுத்துக்கு நேரடி வழி இல்லாததால் தலைப்புகளில் குறி உதிர்ந்தது. இதைச் சீர்செய்யும் தேசியத் தரம் 2019-இல்தான் வந்தது. வியட்நாமியரின் டெலெக்ஸ் முறை இவை அனைத்தையும்விடச் சிறந்தது: எழுத்தை இருமுறை தட்டினால் உயிரின் வடிவம் மாறும், சொல்லுக்குள் ஒரு மெய்யெழுத்தைத் தட்டினால் தொனி ஏறும், சாதாரண ஆங்கில விசைப்பலகையே போதும். கைப்பேசியில் விசையை அழுத்திப் பிடித்துக் குறியைத் தேர்வது ஓரிரு சொல்லுக்குச் சரி. ஒரு கடிதம் முழுக்க அப்படி எழுத யாருக்கும் பொறுமை இருக்காது. குறிகள் விடுபடும், தொனியால் பொருள் மாறும் யொரூபாவில் ஒரு சொல் வேறொரு சொல்லாகப் படிக்கப்படும்.