மாயக் கதையும் ஆசிரியர் சுவையும்

ஒரு படைப்பை ஆராயப் புகும் திறனாய்வாளர் அதனை எழுதியவரின் வாழ்க்கையைத் துருவிப் பார்ப்பது வழக்கம். ஆனால், எழுதப்பட்டவற்றுள் எது அச்சேற வேண்டும், எது திரும்பிச் செல்ல வேண்டும் என்று முடிவு செய்யும் பத்திரிகையாசிரியரின் வாழ்வும் சுவையும் ஆராயப்படுவது அரிது. பிற கதைகளுக்கு இது பெருங்குறை ஆகாமற் போகலாம். மாயக் கதைக்கும் அறிவியற் கதைக்கும் அது பெருங்குறையே. நடப்பியற் கதையை உலகத்தோடு ஒப்பிட்டு, இது நடக்கும், இது நடவாது என்று வாசகரே சொல்லிவிடுவார். பேயும் பூதமும் உலவும் கதைக்கு அவ்வுரைகல் கிடையாது. எது ஏற்கத்தக்க கற்பனை, எது வெற்றுப் புளுகு என்று வரையறுப்பது பெரும்பாலும் ஆசிரியரின் சுவையே.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களே போதும். லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் எனப் பரந்து கிடந்த இரப்பர்த் தோட்டங்களின் லயங்களுக்கு மாயக் கதை இரு வழிகளில் வந்து சேர்ந்தது. ஒன்று வாய்மொழி வழி. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து பாட்டிமார் கொண்டுவந்த கதைகளும், தோட்ட எல்லையில் குடியிருந்த முனீஸ்வரரின் கதைகளும், அண்டைக் கம்பங்களிலிருந்து கேட்டறிந்த பொந்தியானாக் கதைகளும் இங்கே ஒன்றாய்க் கலந்தன. மற்றொன்று அச்சு வழி. சென்னையிலிருந்து கப்பலேறி வந்த அம்புலிமாமா தோட்டப் பள்ளிச் சிறுவர் கைகளுக்கு எட்டியது. மண்ணெண்ணெய் விளக்கொளியில் சிறுவன் ஒருவன் எழுத்துக்கூட்டி வாசிக்க, எழுத்தறியாத பெரியோர் சூழ்ந்திருந்து கேட்பதும் உண்டு. விடியுமுன் பெரட்டுக்கு எழ வேண்டியவர்கள், விக்கிரமாதித்தனோடு சுடுகாட்டுக்கு நடந்து சென்றபின்னரே உறங்கினர்.

அவ்வாறு அவர்களை நடத்திச் சென்றவர்கள் யாவர்? 1947 சூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கப்பெற்ற அவ்விதழின் நிறுவனர்கள் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் ஆவர். சக்ரபாணி இளமையில் காசநோயுற்று மதனப்பள்ளி மருத்துவ விடுதியில் தங்கியிருந்த காலத்தில் வங்கமொழி கற்றுச் சரத்சந்திரரைத் தெலுங்கில் பெயர்த்தவர். பின்னர் 'பாதாள பைரவி', 'மாயா பஜார்' ஆகிய மாயப் படங்களை உருவாக்கிய விஜயா நிறுவனத்தின் தூண்களுள் ஒருவரானார். எனினும், 1952 முதல் 1980-இல் மறையும் வரை இதழின் பக்கங்களை உண்மையில் வடித்தவர் கொடவடிகண்டி குடும்பராவ். ஆசிரியர் என்ற முறையில் அவர் பெயர் இதழில் பொறிக்கப்படவில்லை. தெனாலியில் 1909-இல் பிறந்த அவர் காசியில் இயற்பியல் உயர்கல்வி பயிலத் தொடங்கியவர், நடுத்தர வர்க்கத்தின் போலிமைகளைத் தோலுரித்த நாவலாசிரியர், இசை, திரைப்படம், அறிவியல் பற்றி எழுதிக் குவித்த கட்டுரையாளர், மார்க்சியச் சார்பினர், 1970-இல் ஆந்திரத்தில் தோன்றிய புரட்சி எழுத்தாளர் சங்கத்தின் நிறுவன உறுப்பினர்.

பேயை நம்பாத ஒருவர் மாதந்தோறும் பேயைப் படைத்தார். இது வயிற்றுப்பிழைப்புக்காகச் செய்த முரண்பாடு என்று எளிதாய் ஒதுக்கிவிடலாம். ஆனால், இதழின் பக்கங்கள் வேறு கதை சொல்கின்றன. வேதாளக் கதைகளையே எடுத்துக்கொள்ளலாம். வடமொழி மரபில் அவை இருபத்தைந்தே. அவை தீர்ந்தபின்னர் வேறு கதைகளை அதே சட்டகத்துள் பொருத்தித் தொடரை ஆண்டுக்கணக்கில் நீட்டித்தனர். கே.சி. சிவசங்கரன் என்ற ஓவியர் சங்கரின் தூரிகையில் அரசனும் பிணமும் நிலைத்த வடிவம் பெற்றனர். அச்சட்டகத்தில் மாயம் என்பது தொடக்கமும் முடிவுமே. நடுவில் நிற்பது ஒரு வழக்கு. இருவருள் யார் செய்தது நியாயம் என்று வேதாளம் வினவும். விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் தலை வெடித்துச் சிதறும். பேசினாலோ வேதாளம் மீண்டும் மரமேறும். அச்சமூட்டுவது இவண் நோக்கமன்று. ஆராய்ந்து தீர்ப்புரைப்பதே நோக்கம். பகுத்தறிவாளரின் சுவை புகுந்த இடம் இதுவே எனலாம். அவர் தம் கொள்கையைக் கதைமேல் ஏற்றி உரைக்கவில்லை. நியாயம் கேட்கும் கதைகளைத் தேர்ந்தார், மிகையான மொழியைக் களைந்தார், அவ்வளவே.

துரைக்கும் கங்காணிக்கும் முன் வாய்மூடி நிற்பதே வாழ்வென்றிருந்த பெரட்டுக்களத்துச் சிறுவனுக்கு, உண்மை தெரிந்தும் பேசாதவன் தலை வெடிக்கும் என்ற கதை வெறும் பொழுதுபோக்காய் அமைந்திருக்க இயலாது.

இதனை மேலைநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றோடு ஒப்பிடுதல் தகும். அமெரிக்காவில் 'அஸ்டவுண்டிங்' என்ற அறிவியற் கதை இதழை 1937 முதல் 1971 வரை நடத்திய ஜான் கேம்பலும் இயற்பியல் பயின்றவரே. அசிமோவ், ஹைன்லைன் முதலியோரை வளர்த்தெடுத்த பெருமை அவருடையது. ஆயினும், 1950-இல் 'டயனெடிக்ஸ்' என்னும் போலி உளமருத்துவத்தைத் தம் இதழில் அரங்கேற்றினார். நியூட்டனின் விதியை மீறும் எனப்பட்ட கருவிக்கும் பின்னாளில் பறைசாற்றினார். கறுப்பினத் தலைவனைக் கொண்ட தம் நாவலை, வாசகர் ஏலார் என்று கூறி அவர் மறுத்ததாகச் சாமுவேல் டிலேனி பதிவு செய்துள்ளார். அவர் பெயரில் வழங்கப்பட்ட விருதுக்கு 2019-இல் வேறு பெயர் சூட்டப்பட்டது. அறிவியலைப் போற்றியவர் மூடநம்பிக்கைக்கு இடங்கொடுத்தார். மாயத்தை நம்பாதவர் மாயக் கதையைத் தூய்மையாய்க் காத்தார். ஆசிரியரை அளக்கும் கோல் அவர் நம்பிக்கை அன்று. எதனை வாசகர்முன் வைக்கத் துணிந்தார், எதனை மறுத்தார் என்பதே.

எனினும், குடும்பராவின் சுவைக்கும் ஒரு விலை இருந்தது. யார் எழுதினாலும் ஒரே நடை என்னும்படி கதைகள் திருத்தப்பட்டன. தொடர்கதைகளை எழுதிய தாசரி சுப்பிரமணியம் போன்றோர் வாசகர் அறியாதவராகவே இருந்தனர். அவ்வுலகில் அரசரும் வணிகரும் உழவரும் இருந்தனர். கித்தா மரமும் பால்வாளியும் இல்லை. இருக்கவேண்டும் என்று சென்னையிலிருந்து எதிர்பார்ப்பது முறையுமன்று. அது மலேசியத் தமிழ் ஆசிரியர்களின் கடன்.

அவ்வாசிரியர்களின் சுவையோ வேறு திசையில் சென்றது. 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி சுயமரியாதை இயக்கத்தில் ஊறியவர். பேய்க்கதை பரப்புவதினும் பேயச்சம் போக்குவதே அவருக்குரிய பணி. தமிழ் நேசனில் 1950-இல் கதை வகுப்பு நடத்திய சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் புதியவர்களுக்குச் சிறுகதையின் இலக்கணத்தைக் கற்பித்தனர். அதே நாளிதழில் பின்னர்ப் பணியாற்றிய கு. அழகிரிசாமி அன்றாட வாழ்வின் நுட்பங்களில் தோய்ந்தவர். இவர்கள் இட்ட அடித்தளத்தின்மீதே மலேசியத் தமிழ்ச் சிறுகதை எழுந்தது. அதனை மறுப்பவர் நன்றி மறந்தவராவர். ஆனால், தோட்டத்தின் துயரத்தை எழுதக் கற்ற இலக்கியம் தோட்டத்தின் கனவுகளையும் அச்சங்களையும் எழுத அந்த அளவுக்குக் கற்கவில்லை. அழகிரிசாமியின் நண்பர் கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணின் நாட்டுப்புறக் கதைகளைப் பெருந்தொகுதிகளாக்கினார். அதற்கு நிகரான தொகுப்பாளர் முனீஸ்வரரும் பொந்தியானாக்கும் ஒரே மரநிழலில் சந்தித்துக்கொண்ட கதைகளுக்கு வாய்க்கவில்லை. சீர்திருத்தச் சுவையும் நடப்பியற் சுவையும் ஒருசேர நின்று காத்த வாயிலில், அக்கதைகள் வெளியிலேயே நின்றுவிட்டன.

இன்று அக்கதைகளுக்கு உறைவிடமும் குறைந்து வருகிறது. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் வட்டாரங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. தமிழ் நேசன் 2019-இல் நின்றது. அம்புலிமாமாவும் அதற்கு முன்பே நின்றுவிட்டது. கதை சொன்ன மூதாட்டியர் பலர் மறைந்தனர்.

எஞ்சியிருப்போரிடம் செவிசாய்க்க ஓர் ஆசிரியர் வேண்டும். அவர் முனீஸ்வரரை நம்புபவரா, நம்பாதவரா என்ற வினா எழ வேண்டுவதில்லை. நம்பாமலேயே மதிக்கத் தெரிந்தவராக, மதித்தாலும் புளுகைக் களையத் தயங்காதவராக அவர் இருந்தாற் போதும். அத்தகைய சுவையாளர் ஒருவரின் கையில் மூன்று தலைமுறைகளின் இரவுகள் ஏடேறியதை மலேசியத் தமிழர் ஏற்கெனவே கண்டிருக்கின்றனர்; அவர் பெயரைத்தான் அறியாதிருந்தனர்.