பெகிஸ்தூன் பாறைச் சிற்பம்

ஈரானின் கெர்மன்ஷா நகருக்கு அருகே, செங்குத்தான சுண்ணாம்புப் பாறையில் ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில், பாரசீகப் பேரரசன் முதலாம் தாரியஸ் கி.மு. 520ஐ ஒட்டிச் செதுக்குவித்த பெகிஸ்தூன் சிற்பம், பின்புலத்திலிருந்து உருவங்கள் மேலெழுந்து நிற்கும் புடைப்புச் சிற்ப வகையைச் சேர்ந்தது. அரியணையைக் கவர்ந்தவன் எனத் தாரியஸ் குற்றஞ்சாட்டிய கௌமாதா வீழ்ந்து கிடக்க, அவன் மீது மன்னன் காலூன்றி நிற்க, கைகள் பின்னே கட்டப்பட்டு ஒரே கயிற்றால் கழுத்துகள் பிணைக்கப்பட்ட கிளர்ச்சித் தலைவர்கள் ஒன்பது பேர் எதிரே வரிசையாக நிற்கின்றனர். அவர்களுள் கூர்ந்த நெடுந்தொப்பி அணிந்த சகர் இனத் தலைவன் ஸ்குன்கா பின்னர் சேர்க்கப்பட்டவன். அவனுக்கு இடம் தருவதற்காக, முன்பே பொறித்த எலாமியக் கல்வெட்டின் ஒரு பகுதியையே சிற்பிகள் வெட்டி நீக்கினர். தாரியஸின் தாடியோ தனிக்கல்லில் வடிக்கப்பட்டு, இரும்பு முளைகளாலும் ஈயத்தாலும் பொருத்தப்பட்டிருப்பது, அக்கலைஞர்களின் பொறுமைக்கு வியக்கத்தக்க சான்றாகும்.

சிற்பத்தைச் சூழ்ந்து பழம்பாரசீகம், எலாமியம், பாபிலோனியம் ஆகிய மும்மொழிகளிலும் ஆப்பு வடிவக் கோடுகளால் அமைந்த ஆப்பெழுத்தில் மன்னனின் வரலாறு பொறிக்கப்பட்டுள்ளது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரி ஹென்றி ராலின்சன் ஆபத்தான அப்பாறையில் ஏறி இதனைப் படியெடுத்தமை, மெசொப்பொத்தேமியாவின் மறந்துபோன எழுத்துகளைப் படித்தறியப் பெருந்துணையாயிற்று. யுனெஸ்கோ 2006இல் பெகிஸ்தூனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.